அறுபது அடிக்கு ஓர் அடி

திங்கட்கிழமை பகலில் இஸ்டோரு வாய்மூடிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை மலையில் கொழுந்து எடுப்பதில்லை. கொழுந்து வராத இரவில் மேல்மாடி வாட்டுத் தொட்டிகளின் விசிறிகள் ஓடா. வாட்டு இல்லாத விடியலில் ரோலர் அறைக்கு வேலை இராது. மற்ற நாட்களில் தரையே அதிரும் அந்த அறையில், அன்று காலை கூரைத் தகரமொன்று காற்றில் தட்டும் ஓசை மட்டும் கேட்டது. பெரிய பழுது பார்ப்பதற்கு இதைவிட்டால் பொழுது கிடையாது.

வலப்பனையிலிருந்து ராகலைப் பக்கம் ஏறும் மலையில், பாதையைவிட்டுச் சற்று இறங்கி நிற்கிறது அந்தக் கட்டடம். பெயர்ப்பலகையில் அது தேயிலைத் தொழிற்சாலை; லயத்து வாயில் இஸ்டோரு. மேற்கே, இலங்கையிலேயே உயர்ந்த பிதுருதலாகலை 2,524 மீட்டர் உயரத்தில் மேகத்தை மறித்து நிற்க, அதன் கிழக்குச் சரிவுகளில் உடப்புசல்லாவைத் தேயிலை வளர்கிறது. ஆகஸ்ட் மாதத்து வறண்ட காற்று இலைக்கு நல்லது என்பார்கள். அன்றைக்கு அந்தக் காற்று ஜன்னல் வழியே வந்து, தரையில் கிடந்த பழைய சாக்குகளை லேசாகத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது.

சல்லடை அறை வாசலில் கிடந்த மரப்பெட்டியில் எனக்கு இடம் கிடைத்தது. பெரியவர் என்னருகே வந்தார். சட்டைப் பையிலிருந்து சோக்குக் கட்டியை எடுத்து, என் காலடியிலிருந்து மூன்றாம் நம்பர் ரோலரைச் சுற்றி நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

"இந்தக் கோட்டுக்கு அங்கிட்டு வராதீங்க."

அன்று முழுவதும் அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான். நான் அவரிடம் அதுகூடச் சொல்லவில்லை.

அவர் இதே இஸ்டோரில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். கனமான வேலை வந்தால் லயத்துக்கு ஆள் போகும், அவர் வருவார். சாயம் போன காக்கிச் சட்டை, கழுத்தில் ஒரு துவாய். இடக்கை மோதிர விரலில் மேல் இரண்டு கணுக்கள் இல்லை. கூட வந்த பையனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும், தங்கை மகன். உதவிக்கு இஸ்டோரு ஆட்கள் இரண்டு பேர். டீமேக்கர் கதவோரம் கைகட்டி நின்றார்.

ரோலரை இந்த மலையில் முதலில் ரோதை என்றார்கள். வட்டமான பித்தளை மேசை. அதில் பிறைபோல் வளைந்த புடைப்புகள். மேலே அடியில்லாத பீப்பாய்போல ஒரு ஜெக்கட். மூன்று கிராங்குகள் அந்த ஜெக்கட்டை மேசைமேல் சுழற்றும்போது, உள்ளே அடைபட்ட வாடிய கொழுந்து உள்ளங்கைகளுக்கு நடுவே கசங்குவதுபோல் முறுக்கிக்கொள்ளும். உள்ளங்கை என்பது உவமைக்காக வந்ததில்லை. இங்கிருந்து வடமேற்கே, மலைமுகடுகளுக்கு அப்பால் ஹேவாஹெட்டப் பக்கத்தில் இருக்கிறது லூல்கந்துர. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டபோது, பறித்த இலையை பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையால்தான் உருட்டினார்கள். கைகள் செய்ததை இரும்பு செய்ய ஆரம்பித்ததும், கையால் தூக்க முடியாத கனங்கள் மலைக்கு வந்து சேர்ந்தன. கடல் கடந்து வந்த ரோலர்களும் அடுப்புகளும் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் மனிதத் தோளிலும் இந்த உயரத்துக்கு ஏறின. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலை வரை ஒரு குறுகிய ரயில் பாதைகூட இருந்தது; 1940களில் அது ஓய்ந்துபோயிற்று. ஏறி வந்த இரும்பு இன்னும் ஓய்வு பெறவில்லை.

அறையின் மூலையில், சுவரில் தோண்டிய மாடத்தில், மஞ்சள் பூசிய ஒரு கல். ரோதை முனி. ஓடும் இரும்பிலிருந்து கைகால்களைக் காக்கும் காவல் தெய்வத்தை இந்தத் தொழிலாளர்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்டார்கள். மலையில் கவ்வாத்துக் கத்திக்கு ஒரு சாமி இருப்பதுபோல, இஸ்டோருக்கு இந்த முனி. பையன் சூடம் கொளுத்தினான். பெரியவர் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு இரண்டு சாக்குகளை அவிழ்த்தார்.

இரண்டிலும் செயின் புளொக். ஒன்று ஒரு டன், மற்றது இரண்டு டன்.

மூன்றாம் நம்பர் ரோலரின் கிராங்குகளில் பித்தளைப் புஷ் தேய்ந்துவிட்டது. ஓடும்போது சில வாரங்களாக இருமிக்கொண்டே இருந்ததாம். புஷ் மாற்ற வேண்டுமானால் ஜெக்கட்டை, அதைத் தாங்கும் மூன்று கைச் சட்டத்தோடு சேர்த்து, கிராங்கு முளைகளைவிட்டு மேலே கிளப்பவேண்டும்.

"பதினஞ்சு அந்தர் வருமா?" என்று டீமேக்கர் கேட்டார்.

"இருவதுன்னு வச்சுக்குவோம் ஐயா."

அந்தர் என்றால் 112 இறாத்தல், சுமார் 51 கிலோ. இருபது அந்தர் ஒரு பழைய டன். கிலோ வந்து எத்தனையோ வருடமாகியும், பழைய இயந்திரங்களின் கனத்தை இங்கே அந்தரில்தான் பேசுகிறார்கள். சரியாகத் தெரியாத கனத்தை அவர் கூட்டிச் சொன்னார். குறைத்துச் சொல்லியிருந்தால் ஒரு டன் புளொக்கே போதும் என்று ஆகியிருக்கும். இரண்டு டன் புளொக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முதலில் அதன் முகத்தில் ஆணியடித்திருந்த தகட்டைத் துவாயால் துடைத்தார். '2 டன்' என்ற எழுத்து தெளிந்து வந்தது. அந்த எழுத்து அழிந்துபோன புளொக்கை அவர் தொடமாட்டார் என்று பின்னால் டீமேக்கர் சொல்லி அறிந்தேன். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. தூக்கும் கருவி எவ்வளவு தாங்கும் என்பது குறிக்கப்பட்டிருக்க வேண்டும், தகுதியுள்ளவர் அதைக் காலம் தவறாமல் பரிசோதிக்க வேண்டும் என்பது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் கடமை. பெரியவர் சட்டத்தை வாசித்திருப்பாரோ தெரியாது. அவர் வாசித்தது சங்கிலியை.

பார சங்கிலியை வெளிச்சத்தில் தொங்கவிட்டு, கண்ணி கண்ணியாகக் கட்டைவிரலால் தடவி இறங்கினார். பூக்கட்டுகிறவள் நாரைத் தடவுவதுபோல் அவ்வளவு மெல்ல. ஒவ்வொரு நாலைந்து கண்ணிக்கும் ஒருமுறை சங்கிலியைத் தளர்த்தி, ஒரு கண்ணி மற்றதன் மேல் உட்காரும் உள்வளைவைப் பார்த்தார். தேய்மானம் ஒளிந்திருப்பது அங்கேதான்; வெளிப்பக்கம் புதுசாகப் பளபளக்கும்போதே உட்பக்கம் மெலிந்திருக்கும். பிறகு பதினொரு கண்ணிகளை எண்ணி, இரு முனைக்கும் அளவுகோலை வைத்தார். பையன் ஒரு பழைய கொப்பியைப் பிரித்து, போன தடவை எழுதிய எண்ணைச் சொன்னான். இரண்டும் ஒத்துப்போயின. ஒரு கண்ணி நீண்டால் கண்ணுக்குத் தெரியாது. பதினொன்றும் சேர்ந்து நீண்டால் அளவுகோல் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது கொக்கி. அதன் நுனியிலும் தண்டிலும் ஊசி குத்தியதுபோல் இரண்டு புள்ளிகள். புளொக் புதிதாக வந்த அன்றே குத்தி, இடைவெளியைக் கொப்பியில் எழுதி வைத்துவிடுவார்களாம். அந்த இடைவெளி மாறினால் கொக்கி வாய் பிளந்துவிட்டது என்று பொருள். இரண்டு டன் கொக்கி மாறவில்லை. வாயை மூடும் தாழை விரலால் அமுக்கிவிட்டார். 'டப்' என்று திரும்பி வந்து மூடிக்கொண்டது.

ஒரு டன் புளொக்கின் கொக்கிக்கும் அளவுகோல் போனது. கொப்பியில் ஐம்பது மில்லிமீட்டர், அளவுகோலில் ஐம்பத்தெட்டு. எந்தத் தயாரிப்பாளரின் கணக்கிலும் அது எல்லை தாண்டியது. யாரோ, எப்போதோ, அதன் தகட்டில் எழுதியதைவிட அதிகமாக அதைச் சுமக்க வைத்திருக்கிறார்கள். ஒரேயடியாக ஒடிந்துபோகாமல் முதலில் வளைந்து காட்டும் உருக்கில்தான் கொக்கியைச் செய்கிறார்கள். அது வளைந்து காட்டியிருந்தது. பார்க்க ஒருவரும் இல்லாமல் சாக்குக்குள் கிடந்திருந்தது. பெரியவர் அதைத் தனியே சுவரோரம் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. முகம் மட்டும் கறுத்துவிட்டது.

ஏணி வைத்து, ரோலருக்கு மேலே ஓடும் இரும்பு உத்தரத்தில் கம்பிக் கயிறு சுற்றினார்கள். உத்தரத்தின் கூர்விளிம்பு கயிற்றை அறுக்காமலிருக்க, மடித்த சாக்கை இடையில் வைத்தான் பையன். புளொக் மேலேறித் தொங்கியது. கீழே பார்த்த பெரியவர் தலையை ஆட்டினார். கொக்கி ரோலரின் நடுவுக்கு நேராக இல்லை; ஒன்றரை அடி தள்ளி நின்றது.

"ஒன்றரை அடிதானே அண்ணே, கிளம்பினா தானா வந்துரும்" என்றார் உதவியாட்களில் ஒருவர்.

"கிளம்பினா அது நம்ம மேல வரும் தம்பி. எறக்கு."

இறக்கினார்கள். உத்தரத்தில் இடம் மாற்றிக் கட்டினார்கள். அரைமணி நேரம் போனது. நூல் குண்டு ஒன்றைக் கொக்கியில் தொங்கவிட்டு, அது ஜெக்கட்டின் நடுப்புள்ளியைத் தொடும்வரை நகர்த்தினார்கள். சாய்வாக இழுக்கப்படும் பாரம் தரையைவிட்டு எழுந்த அந்த நொடியிலேயே ஊஞ்சலாகிவிடும்; ஒரு டன் ஊஞ்சலைக் கையால் நிறுத்த ஆளில்லை. புளொக்கின் சங்கிலியும் சக்கரக் குழிகளில் நேராக அமராமல் ஓரம் தேய்ந்துபோகும்.

சட்டத்தின் மூன்று கைகளிலிருந்து மூன்று கம்பிக் கயிறுகள் கொக்கியை நோக்கி எழுந்தன. கயிறுகள் குட்டை, கூடாரம்போல் தாழ்ந்து விரிந்திருந்தன. அவற்றையும் கழற்றச் சொன்னார். ஒரு வாளித் தண்ணீரை இரண்டு பேர் தூக்கிப் போவதைப் பார்த்திருப்போம். பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் ஆளுக்குப் பாதிக் கனம். கையை நீட்டி விலகி விலகி நடந்தால் இருவருக்கும் தோள் கழன்றுவிடும். கயிற்றுக்கும் அதுதான். இரண்டு கயிறுகளுக்கு இடையே 120 பாகை விரிந்துவிட்டால், பாதியைச் சுமக்க வேண்டிய ஒவ்வொரு கயிறும் முழுக் கனத்தையும் சுமக்கும். நீளக் கயிறுகள் வந்தன. கூடாரம் கோபுரமாக உயர்ந்தது. மூன்று வளையங்களையும் கொக்கியின் அடிவளைவில் ஆழ உட்காரவைத்து, தாழ் மூடுகிறதா என்று பார்த்தார். கொக்கி நுனியில் தொற்றிக்கொண்டு நிற்கும் பாரத்தை அவர் நம்புவதில்லை.

இரண்டு இழையாக இறங்கும் சங்கிலியில் முறுக்கு இல்லை என்பதை மேலிருந்து கீழ்வரை கண்ணால் தடவிப் பார்த்தார். அடிக்கொக்கி ஒருமுறை இழைகளுக்கிடையே புரண்டுவிட்டாலும் சங்கிலி முறுக்கிக்கொள்ளும். அப்படியே தூக்கினால் கண்ணிகள் சக்கரக் குழியில் ஏறி நசுங்கும்.

பையன் கைச் சங்கிலியைப் பிடித்தான்.

டிக். டிக். டிக். டிக்.

அந்த அறையில் அன்று முதல்முறையாக ஓர் ஒழுங்கான ஓசை. கைச் சங்கிலி அருவிபோல் அவன் கைகளில் இறங்கிக்கொண்டே இருந்தது. பார சங்கிலி அசைவதாகவே தெரியவில்லை. கம்பிக் கயிறுகள் ஒவ்வொன்றாக விறைத்தன. சட்டம் முனகியது. மூன்று முளைகளிலும் ஒரு நூலளவு வெளிச்சம் தெரிந்தது.

"நில்லு."

நின்றான். ஓசை நின்றது. பாரம் ஒரு விரற்கடை உயரத்தில் அந்தரத்தில் நின்றது. பெரியவர் அதைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து மேலே காது கொடுத்தார். ஒரு நிமிடம் முழுதாகப் போயிருக்கும். யாரும் மூச்சு விடவில்லை. சோக்குக் கட்டியால் கைச் சங்கிலியின் ஒரு கண்ணியில் அடையாளம் வைத்து, அது நழுவுகிறதா என்று பார்த்தார். நழுவவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் அவர் கேட்டது பிரேக்கின் மௌனத்தை. கைச்சக்கரம் உள்ளே ஒரு திருகுமரையில் உட்கார்ந்திருக்கிறது. தூக்கும் பக்கம் இழுத்தால் அது திருகிக்கொண்டே போய், இடையில் இருக்கும் உராய்வுத் தட்டுகளை இறுக்கும். தட்டுகளோடு சேர்ந்து ஒரு பற்சக்கரம் சுற்றும். அதன் பற்கள்மேல் தடுப்புப் பல் ஒன்று ஏறி ஏறி விழும். நாம் கேட்கும் 'டிக்' அதுதான். கையை விட்டால் பாரம் கீழே இறங்கப் பார்க்கும். அந்த இறங்கும் ஆசையே திருகை இன்னும் இறுக்கும். தடுப்புப் பல் பற்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். விழ நினைக்கும் கனமே தன்னைத் தான் கட்டிப்போட்டுக்கொள்கிறது. இங்கிலாந்துக்காரர் தோமஸ் ஆல்ட்ரிட்ஜ் வெஸ்டன் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், சீனத்து இரட்டை உருளை ராட்டினத்தைப் பார்த்து ஒரு சங்கிலிக் கப்பியை உருவாக்கினார். அந்தப் பரம்பரையில் வந்ததுதான் இதுவும். இந்தப் பிரேக்கைக்கூட அவர் பெயரால் அழைப்பவர்கள் உண்டு. கிணற்றடியில் கப்பியும் கயிறும் கண்ட எவருக்கும் இதன் தாத்தாவைத் தெரியும்.

"ம்" என்றார் பெரியவர். டிக், டிக் மீண்டும் தொடங்கியது.

நேரம் நகர்ந்தது. பையன் இழுத்தான், இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான். இரண்டு டன் புளொக்கில் பாரம் ஓர் அடி உயர, கையில் ஐம்பது அறுபது அடிக்குக் குறையாமல் சங்கிலி ஓடவேண்டும். இருபது அந்தர் கனம் ஒரு பையனின் கைக்கு அடங்குவதற்கு விலை அதுதான். விலை நேரமாகக் கட்டப்படுகிறது. அதில் தள்ளுபடி கிடையாது.

தள்ளுபடி கேட்டார் உதவியாள். அவரும் ஒரு பக்கம் சங்கிலியைப் பிடித்தார். "சேர்ந்து இழுத்தா சட்டுன்னு முடியும் அண்ணே."

டிக் ஓசை அறுந்தது. பெரியவர் கைகாட்டியிருந்தார்.

"ஒருத்தன் கைக்குன்னு செஞ்ச சாமான் இது. ஒருத்தன் கைக்கு வரலன்னா பாரம் ஒத்துக்கலன்னு அது சொல்லுது. ரெண்டு பேர் சேர்ந்தா அது சொல்றது நம்ம காதுல விழாது."

உதவியாள் கையை எடுத்தார். சுவரோரம் கிடந்த ஒரு டன் புளொக்கை அவர் கண்கள் ஒருமுறை தொட்டுத் திரும்பின. அந்த வாய் எப்படிப் பிளந்தது என்பது அப்போது எனக்கும் விளங்கியது.

ஜெக்கட் இரண்டு அடி உயர்ந்ததும் நிறுத்தினார்கள். இனி அடியில் கையை விட்டுப் புஷ்ஷைக் கழற்றலாம் என்றுதான் நினைத்தேன். பழைய சிலிப்பர் கட்டைகளைக் கொண்டுவந்து, குறுக்கும் நெடுக்குமாக மூன்று இடத்தில் அடுக்கினார்கள். அலவாங்கால் நெம்பி மட்டம் பார்த்தார்கள். பாரத்தை அந்தக் கட்டைகள்மேல் இறக்கி, சங்கிலி சற்றே தொய்ந்த பிறகுதான் பெரியவர் குனிந்தார். தொங்கும் பாரத்தின் கீழே ஒரு விரலும் போகவில்லை. மேலே நிற்கும் கனம் மேலேயே நிற்கும் என்று இந்தப் பக்கத்து ஜனங்கள் நம்புவதில்லை. 2007 ஜனவரி மழையில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மலை இறங்கி வந்து வீடுகளை மூடியது. 2025 நவம்பரில் டித்வா புயல் இந்த மாவட்டத்தின் சரிவுகளை மறுபடி உலுக்கியது. சரிவுக்குக் கீழே குடியிருப்பவர்களுக்குத் தூக்கிப் பிடித்திருப்பது எது என்று பார்க்கும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது.

புஷ் மாற்றி முடிய மதியமாயிற்று. சாயத் தண்ணி வந்தது. யாரும் அதிகம் பேசவில்லை. பெரியவர் ரொட்டியைத் தின்றுகொண்டே முளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்குவதுதான் கடினம் என்று நான் அறிந்திருக்கவில்லை. ஏற்றும்போது 'டிக் டிக்' துணை இருந்தது. இறக்கும்போது புளொக் ஓசையே எழுப்பவில்லை. எதிர்ப்பக்கச் சங்கிலியை இழுக்க, திருகு ஒரு மயிரளவு தளர்கிறது. பாரம் ஒரு மயிரளவு இறங்கி, தானே திருகை மறுபடி இறுக்குகிறது. தளர்வு, இறுக்கம், தளர்வு, இறுக்கம். எல்லாம் இரும்புக்குள்ளே, சத்தமில்லாமல். காதுக்கு வேலை இல்லாத அந்த நேரத்தில் எல்லோருடைய கண்களும் மும்மடங்கு விழித்துக்கொண்டன. மூன்று துளைகள் மூன்று முளைகளில் ஒரே நேரத்தில் இறங்கவேண்டும். மின்சாரத்தில் ஓடும் எந்த இயந்திரத்துக்கும் இந்தப் பொறுமை இருக்குமா என்று தெரியவில்லை. கைச் சங்கிலியை ஓர் அங்குலம் இழுத்தால் பாரம் ஒரு தபாலட்டையின் தடிப்பளவே இறங்குகிறது.

"ஒரு கண்ணி... நில்லு. இன்னும் ஒரு கண்ணி... நில்லு."

இரண்டு முளைகள் வாயைக் கண்டுபிடித்தன. மூன்றாவது ஓரத்தில் இடித்து நின்றது. உதவியாள் தன்னையறியாமல் குனிந்து, துளைக்கும் முளைக்கும் நடுவே விரலை வைத்துத் தடவினார்.

பெரியவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பையன் திடுக்கிட்டிருப்பான், கை ஆடியிருக்கும். அவர் ஓரடி முன்னால் வந்து பையனின் கைமேல் தன் வலக்கையை வைத்தார். சங்கிலி அசையாமல் நின்றது. பிறகு இடக்கையை உதவியாளின் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல்களை விரித்து.

கூரைத் தகரம் காற்றில் தட்டியது. உதவியாள் அந்த மோதிர விரலைப் பார்த்தார். மெல்லத் தன் கையை வெளியே எடுத்துக்கொண்டார்.

எந்த இஸ்டோரில், எந்த வருடம் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. துவாயால் வாயைத் துடைத்துவிட்டு, ஒரு மூங்கில் குச்சியை எடுத்து, அதன் நுனியால் சட்டத்தின் கையைத் தொட்டு மெல்லத் தள்ளினார். இருபது அந்தர் இரும்பு, தொட்டிலைப்போல ஒரு நூலளவு அசைந்தது.

"ஒரு கண்ணி."

'டொப்' என்று ஒரு கனத்த, நிறைந்த ஓசை. மூன்றாம் முளையும் உள்ளே போயிருந்தது. பையன் முகத்தில் சிரிப்பு வந்தது. மாமாவைப் பார்த்து, அதை அடக்கிக்கொண்டான். மாமாவின் முகத்திலும் ஏதோ ஒன்று வந்து போனது.

வேலை முடிந்துவிட்டது என்று டீமேக்கர் உள்ளே போனார். பெரியவருக்கு முடியவில்லை. புளொக்கை எறியாமல், கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பார சங்கிலியை மண்ணெண்ணெய்த் துணியால் முழு நீளத்துக்கும் துடைத்துக் காயவிட்டு, எண்ணெய் நனைத்த துணியால் கண்ணிகளின் உள்வளைவுகளில் மட்டும் பார்த்துப் பார்த்துப் பூசினான் பையன். எண்ணெய்க் குப்பியைப் பிரேக்குப் பக்கம் கொண்டுபோனபோது மாமா அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அங்க வேணாம். அங்க எண்ணெய் விட்டா அதுக்குப் புடிக்கிற புத்தி போயிரும்."

உராயவேண்டிய இடத்தில் உராய்வு இருக்கவேண்டும். நழுவவேண்டிய இடத்தில் நழுவவேண்டும். கைச் சங்கிலிக்கும் எண்ணெய் இல்லை. அது மனிதக் கை பிடிக்கும் இடம். துடைத்த புளொக்கைச் சாக்கில் திணிக்காமல், ஈரம் ஏறாத உயரத்தில், சுவர் முளையில் தொங்கவிட்டார்கள். தரையில் போட்டு வைத்தால் மலைநாட்டு மழைக்காலம் ஒரே பருவத்தில் கண்ணிகளைச் சிவக்கவைத்துவிடும். பையன் கொப்பியில் தேதியும் பதினொரு கண்ணியின் அளவும் எழுதினான். எழுத்து கோணலாக இருந்தது. எண் தெளிவாக இருந்தது.

பிறகு ஒரு டன் புளொக். பெரியவர் அதன் கொக்கியை வைஸில் மாட்டி, ஹெக்ஸோவைப் பையனிடம் கொடுத்தார்.

"ஏன் மாமா? ஒரு ஓரமா வச்சா போதாதா?"

"ஓரமா வச்சா ஒரு நாள் அவசரத்துல ஒருத்தன் எடுப்பான். அவன் யார் வீட்டுப் புள்ளையோ."

பையன் அறுத்தான். உருக்கு லேசில் விடவில்லை. இரண்டு பிளேடு ஒடிந்தது. மூன்றாவதில் கொக்கி இரண்டாகி, ஒரு பாதி சீமெந்துத் தரையில் விழுந்து மணிபோல் ஒலித்தது. இனி அதை யாரும் எதிலும் மாட்ட முடியாது. பெரியவர் அந்தப் பாதியை எடுத்து ரோதை முனியின் மாடத்தில், கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். தன் வேலையைச் செய்து, எச்சரித்து, பேச்சுக் கேட்கப்படாமலே முடிந்துபோன ஒன்றுக்குச் செய்யும் மரியாதைபோல் இருந்தது அது.

நான் எழுந்தேன். சோக்குக் கோட்டைத் தாண்டாமல் சுற்றி வெளியே வந்தேன்.

இஸ்டோருக்கு எதிரே கொழுந்து மடுவத்தில் பின்னேர நிறுவை நடந்துகொண்டிருந்தது. மடுவத்தின் விட்டத்தில் ஒரு கொக்கித் தராசு. மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். நெற்றியில் கயிறு, முதுகில் பை, முழங்காலில் மலை. ஒரு நாளுக்கு இத்தனை கிலோ என்று எடுக்கவேண்டிய கொழுந்துக்கு இங்கே கணக்கு உண்டு. பல தோட்டங்களில் அது 18 கிலோ. ஒரு முதுகு எத்தனை வருடம் தாங்கும் என்பதற்கு எந்தத் தகடும் கிடையாது. வாய் பிளந்த கொக்கிபோல் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து, அந்த முதுகுகளும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன.

வரிசையின் கடைசியில் வயதான ஒருத்தி. பையைத் தராசில் மாட்ட அவள் குனிந்தபோது, இஸ்டோரிலிருந்து வெளியே வந்த பெரியவர் நின்றார். கையில் இன்னும் கிரீஸ். துவாயில் கைகளை அழுத்தித் துடைத்தார். அவள் பின்னால் போய், பையின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, ஒரு விரற்கடை உயர்த்தினார். அவள் நெற்றிக் கயிறு தொய்ந்தது. அப்படியே கொஞ்சம் நின்றார். அவள் கயிற்றிலிருந்து தலையை எடுத்து நிமிர்ந்த பிறகு, பையின் காதைத் தராசுக் கொக்கியின் அடிவளைவில் ஆழ மாட்டி, மெதுவாக, மிக மெதுவாக, கனத்தைக் கொக்கிக்குக் கொடுத்தார்.

முள் ஏறி நின்றது. கணக்கப்பிள்ளை எழுதினார்.

பையில் இருந்து கைகளை எடுப்பதற்கு முன், பெரியவர் தலையைச் சாய்த்து ஒரு கணம் காது கொடுத்தார்.